டிஜிட்டல் கேமராவுக்கான லென்ஸ் ஃபில்டர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படத்தைக் கணினியில் எப்படி வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற நிலையில், லென்ஸின் முன் ஃபில்டர் எதற்கு?

ஒரு ஃபில்டரை வாங்கலாமா என்று முடிவு செய்ய ஒரே ஒரு கேள்வி போதும்: அது செய்யும் மாற்றத்தைப் படம் எடுத்த பிறகு செய்ய முடியுமா? சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் தன்மீது விழுந்த ஒளி எவ்வளவு என்பதை மட்டுமே பதிவு செய்கிறது. அந்த ஒளி எந்தத் தளத்தில் அதிர்ந்து வந்தது, ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் எந்தக் கணத்தில் வந்து சேர்ந்தது என்பவை எங்கும் பதிவாவதில்லை. பதிவாகாத ஒன்றை எந்த மென்பொருளும் மீட்டுத் தர முடியாது. ஆகவே எதிரொளியைக் களையும் போலரைசர், ஒளியைக் குறைத்து ஷட்டர் நேரத்தை நீட்டிக்க உதவும் என்டி (நியூட்ரல் டென்சிட்டி) ஃபில்டர், அகச்சிவப்பு ஒளியை மட்டும் அனுமதிக்கும் ஃபில்டர், சூரியனைப் படமெடுக்க உதவும் ஃபில்டர் ஆகியவை இன்றும் தேவைப்படுகின்றன. நிறத்தைச் சற்றுக் கூட்டிக் குறைப்பதற்காக ஃபிலிம் காலத்தில் பை நிறையச் சுமந்து திரிந்த கண்ணாடிகளில் பெரும்பாலானவை இன்று தேவையில்லை. இந்தப் பக்கத்தில் உள்ள விடைகள் அனைத்தும் இந்த ஒரு வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டவை.

புதிய லென்ஸ் வாங்கும்போது யூவி ஃபில்டரும் சேர்த்து வாங்கச் சொல்கிறார்கள். அது அவசியமா?

புறஊதா ஒளியைத் தடுக்கும் நோக்கத்தில் அவசியம் இல்லை. ஃபிலிம் புறஊதாக் கதிர்களை உணரக்கூடியது. உயர்ந்த மலைகளிலும் கடலோரத்திலும் எடுத்த படங்களில் நீலம் கலந்த மங்கல் படர்வதற்கு அது ஒரு காரணமாக இருந்தது. டிஜிட்டல் கேமராக்களில் சென்சாருக்கு முன்னால் புறஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் கண்ணாடி அடுக்கு பொருத்தப்பட்டே வருகிறது. லென்ஸின் கண்ணாடிகளும் புறஊதாவில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகின்றன. ஆகவே இன்று யூவி ஃபில்டர் என்ற பெயரில் நாம் வாங்குவது, லென்ஸைக் காக்கும் தெளிந்த கண்ணாடியைத்தான்.

அப்படியானால் பாதுகாப்புக்காக அதை எப்போதும் மாட்டி வைக்கலாமா?

இதில் அனுபவமுள்ளவர்களே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். என் கருத்தைச் சொல்கிறேன். மணல் பறக்கும் இடம், உப்புச் சாரல் தெறிக்கும் கடற்கரை, சேறு, தீப்பொறி ஆகியவற்றுக்கு நடுவே படமெடுப்பவர்கள் பாதுகாப்பு ஃபில்டரை மாட்டியே ஆக வேண்டும். ஓயாமல் துடைக்க வேண்டிய நிலையில், தேய்வது லென்ஸாக இருப்பதைவிட மாற்றிக்கொள்ளக்கூடிய ஃபில்டராக இருப்பது நல்லது. மற்ற நேரங்களில், லென்ஸின் முன்விளிம்பில் மாட்டும் மறைப்பு வளையமான லென்ஸ் ஹுட்டே சிறந்த காவல். அது மோதலைத் தாங்குவதோடு பக்கவாட்டு ஒளியையும் தடுத்து, படத்தைக் கெடுக்காமல் மேம்படுத்துகிறது. கீழே விழும்போது ஃபில்டர் லென்ஸைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் முழுவதும் சரியன்று. மெல்லிய கண்ணாடி உடைந்து, அதன் சில்லுகளே லென்ஸின் முகப்பைக் கீறுவதும் உண்டு.

லென்ஸின் முகப்பில் விழும் ஒரு சிறு கீறல் படத்தில் பெரும்பாலும் தெரிவதே இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கூர்மையான குவிமையம் அந்தக் கண்ணாடிக்கு வெகு தொலைவில் இருப்பதால் கீறல் உருவமாகப் பதிவதில்லை. நேரெதிரே விளக்கு இருந்தால் மட்டும் சிறிது ஒளிச்சிதறல் தெரியலாம்.

ஒரு விதிவிலக்கைக் குறிப்பிட்டாக வேண்டும். ஈரமும் தூசும் புகாதபடி வடிவமைக்கப்பட்ட லென்ஸ்களில் சில, முன்புறம் ஃபில்டர் மாட்டினால்தான் அந்தப் பாதுகாப்பை முழுமையாகத் தருகின்றன. கேனானின் எல் வரிசையில் சில லென்ஸ்கள் இத்தகையவை. உங்கள் லென்ஸின் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரவில் எடுத்த படங்களில், விளக்குகளுக்கு நேரெதிர் மூலையில் பச்சை நிறப் புள்ளிகள் தெரிகின்றன. லென்ஸ் பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை. முன்னால் மாட்டியிருக்கும் ஃபில்டர்தான் காரணம். பிரகாசமான விளக்கின் ஒளி சென்சாரில் பட்டு எதிரொளித்து, லென்ஸ் வழியாக வெளியே சென்று, ஃபில்டரின் தட்டையான பின்புறத்தில் பட்டு மீண்டும் உள்ளே திரும்புகிறது. அதனால் விளக்கின் தலைகீழான உருவம் படத்தின் மையத்துக்கு மறுபுறத்தில் விழுகிறது. பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மீது விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. ஒரு ஃபில்டருக்கு இரண்டு பரப்புகள் உண்டு. பல அடுக்குப் பூச்சுள்ள நல்ல ஃபில்டர்களில் இது ஒரு பரப்புக்கு அரை விழுக்காட்டுக்கும் கீழே குறைகிறது. ஆனாலும் கருவானத்தின் முன் எரியும் தெருவிளக்குக்கு அந்தச் சிறு அளவே போதும். இரவுக் காட்சி, மெழுகுவத்தி வெளிச்சம், சூரியன் சட்டகத்துக்குள் வரும் காட்சி ஆகியவற்றில் பாதுகாப்பு ஃபில்டரைக் கழற்றிவிட்டு எடுங்கள்.

எந்த அளவு ஃபில்டர் வாங்குவது?

லென்ஸின் முன்விளிம்பிலோ மூடியின் உட்புறத்திலோ, குறுக்குக் கோடு இட்ட வட்டக் குறிக்கு அருகில் ஓர் எண் இருக்கும். அதுவே மரையின் விட்டம். 49, 52, 55, 58, 62, 67, 72, 77, 82 மி.மீ. ஆகியவை வழக்கமான அளவுகள். குவியத்தூரமும் மி.மீ. கணக்கிலேயே எழுதப்படுவதால், 55 மி.மீ. வரை ஜூம் செய்யும் லென்ஸுக்கு 55 மி.மீ. ஃபில்டர் வாங்கி வந்து பொருந்தாமல் திண்டாடுபவர்கள் ஏராளம். இரண்டு எண்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

வேறு வேறு விட்டமுள்ள லென்ஸ்கள் பல இருந்தால், அவற்றுள் மிகப் பெரிய அளவுக்கு ஒரே ஒரு நல்ல ஃபில்டர் வாங்கிக்கொண்டு, சிறிய லென்ஸ்களில் பெரிய ஃபில்டரைப் பொருத்த உதவும் ஸ்டெப்-அப் வளையங்களைப் பயன்படுத்துவதே சிக்கனமான வழி. அப்போது சிறிய லென்ஸின் சொந்த ஹுட்டை மாட்ட முடியாமல் போகலாம். இதற்கு நேர்மாறாக, பெரிய லென்ஸில் சிறிய ஃபில்டரை வளையம் கொண்டு மாட்டினால் படத்தின் மூலைகள் இருண்டுவிடும். முகப்பு உருண்டு வெளியே துருத்தி நிற்கும் மிக அகல லென்ஸ்களில் மரையே இருக்காது. அவற்றுக்குப் பெரிய சதுர ஃபில்டர்களும் தனிச் சட்டமும் தேவைப்படும். சிலவற்றில் பின்புறத்தில் மெல்லிய தகடு செருகும் இடம் இருக்கும்.

போலரைசர் உண்மையில் என்ன செய்கிறது?

ஒரே ஒரு ஃபில்டர்தான் வாங்க முடியும் என்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

சூரிய ஒளி எல்லாத் தளங்களிலும் அதிர்ந்து வருகிறது. அது நீர், கண்ணாடி, இலை, வண்ணப்பூச்சு போன்ற உலோகமல்லாத பரப்புகளில் சாய்வாகப் பட்டு எதிரொளிக்கும்போது, பெரும்பகுதி ஒரே தளத்தில் அதிரும் ஒளியாக மாறுகிறது. இதையே இயற்பியல் நூல்கள் தளவிளைவு என்கின்றன. 1808-இல் பாரிஸில் எத்தியேன் லூயி மாலுஸ், லக்சம்பர்க் அரண்மனையின் சன்னல்களில் பட்டு வந்த சூரிய ஒளியைக் கால்சைட் படிகம் ஒன்றின் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது இதைக் கண்டறிந்தார். ஒரு கடைக்கண்ணாடியின் எதிரொளியைப் போலரைசரால் நீக்கும்போது நாம் பயன்படுத்துவது அதே நிகழ்வைத்தான். படிகத்துக்குப் பதிலாக மெல்லிய தகட்டில் இதைச் செய்யும் வழியை அமைத்தவர் எட்வின் லேண்ட். அவர் 1929-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

போலரைசரின் வளையத்தைச் சுழற்றும்போது எந்தத் தளத்து ஒளியைத் தடுப்பது என்பதை நாம் தேர்ந்தெடுக்கிறோம். குளத்தின் மேற்பரப்பில் வானம் பளபளப்பதை நீக்கினால் அடியில் உள்ள கற்கள் தெரிகின்றன. பலரும் கவனிக்காமல் விடுவது இலைகளைத்தான். மழை பெய்து ஓய்ந்த காட்டில் ஒவ்வொரு இலையின் மீதும் வானத்தின் வெள்ளை ஒளி மெல்லிய படலமாக விழுந்து, பச்சையை வெளிறச் செய்கிறது. அந்தப் படலத்தை நீக்கியதும் வெளிப்படும் நிறம் இலையின் சொந்த நிறம். மென்பொருளில் நிறச்செறிவைக் கூட்டினால் இது கிடைக்காது. ஏனெனில் பளபளப்பில் மறைந்துபோன நிறம் கோப்பில் இருப்பதே இல்லை. போலரைசர் நீலவானத்துக்கு மட்டுமே உரியது என்று கருதி மேகமூட்டமான நாளில் அதை வீட்டில் விட்டுச் செல்வது பெரிய இழப்பு.

எந்தக் கோணத்தில் நின்றால் போலரைசர் நன்றாக வேலை செய்யும்?

நீர்ப்பரப்பானால் பார்வைக்கோடு பரப்போடு சுமார் 37 பாகை சாய்ந்திருக்க வேண்டும். கண்ணாடியானால் சுமார் 34 பாகை. இந்தக் கோணங்களில் எதிரொளி ஏறக்குறைய முழுவதும் ஒரே தளத்தில் அதிர்வதால் அதை முற்றிலும் நீக்க முடியும். நேருக்கு நேராகக் கண்ணாடியைப் பார்த்து நின்றால் வளையத்தை எவ்வளவு சுழற்றினாலும் பயன் இருக்காது. ஓரடி பக்கவாட்டில் நகர்வதே பலன் தரும். உலோகப் பரப்பின் பளபளப்பு இந்த முறையில் போகாது.

வானத்துக்குக் கணக்கு வேறு. சூரியன் இருக்கும் திசைக்குச் செங்குத்தான திசைகளில் வானொளி மிகுதியாகத் தளவிளைவுற்றிருக்கும். சுட்டுவிரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டைவிரலை அதற்குச் செங்குத்தாக விரித்து, மணிக்கட்டைச் சுழற்றுங்கள். கட்டைவிரல் வரைந்து செல்லும் பட்டையில்தான் வானம் ஆழ்ந்த நீலமாக மாறும். சூரியனை நேரெதிரிலோ முதுகுக்குப் பின்னாலோ வைத்துக்கொண்டால் மாற்றம் மிகக் குறைவு. வானத்தில் அடர்ந்த மங்கல் இருந்தால் ஒளி பலமுறை சிதறித் தளவிளைவை இழந்துவிடுவதால் அப்போதும் பயன் இல்லை.

போலரைசரை எப்போது கழற்ற வேண்டும்?

மிக அகலமான லென்ஸில் வானம் நிறைய இடம் பிடிக்கும்போது கழற்ற வேண்டும். மேலே சொன்ன பட்டை சட்டகத்தின் ஒரு பகுதியை மட்டும் கருநீலமாக்கி, மற்ற பகுதிகளை வெளிர்நீலமாக விட்டுவிடும்; இதைப் பின்னர் சரிசெய்வது கடினம். பல படங்களை ஒட்டி அகலக்காட்சி செய்யும்போதும் இதே காரணத்துக்காக வேண்டாம். வெளிச்சம் குறைந்த இடங்களில் அது விழுங்கும் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) ஒளி நமக்குத் தேவைப்படும். விமான சன்னல் வழியாக எடுத்தால் அதன் பிளாஸ்டிக்கில் உள்ள இறுக்கங்கள் வண்ணப் பட்டைகளாகத் தெரியும்.

வானவில்லை எடுக்கும்போது கூடுதல் கவனம் தேவை. வானவில்லின் ஒளியும் வலுவாகத் தளவிளைவுற்றது. வளையம் ஒரு நிலையில் இருந்தால் வில்லின் ஒரு பகுதி பளிச்சென்று தெரியும். வேறொரு நிலையில் அதே பகுதி அடியோடு மறைந்துவிடும். வியூஃபைண்டரில் பார்த்துக்கொண்டே சுழற்றுங்கள்.

வட்டப் போலரைசர், நேர்ப் போலரைசர் இரண்டில் எது வேண்டும்?

வட்டம் என்பது ஃபில்டரின் வடிவத்தைக் குறிப்பதன்று. வட்டப் போலரைசரில் சாதாரணப் போலரைசருக்குப் பின்னால் கால் அலைத் தகடு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அது ஒரே தளத்தில் அதிர்ந்த ஒளியை வட்டமாகச் சுழன்று அதிரும் ஒளியாக மாற்றி உள்ளே அனுப்புகிறது. டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் ஃபோகஸ், ஒளி அளவீடு ஆகியவற்றுக்காகப் பாதி ஒளி ஊடுருவும் ஆடி இருப்பதால், நேர்ப் போலரைசர் வழியே வரும் ஒளி அங்கே தவறான அளவீட்டைத் தரலாம். ஆடியே இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் இந்தச் சிக்கல் இல்லை. எனினும் இன்று விற்பனையில் பெரும்பாலும் வட்டப் போலரைசரே கிடைப்பதால் அதையே வாங்கலாம்.

கையில் இருப்பது எது என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. நிலைக்கண்ணாடியின் முன் நின்று, கேமராவில் திருகும் பக்கம் கண்ணாடியை நோக்கி இருக்குமாறு ஃபில்டரை ஒரு கண்ணின் முன் பிடித்து, மறு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். எதிரே தெரியும் ஃபில்டர் கருப்பாகத் தெரிந்தால் அது வட்டப் போலரைசர்.

என்டி ஃபில்டர்களில் உள்ள எண்களுக்கு என்ன பொருள்?

என்டி ஃபில்டர் என்பது சாம்பல் நிறக் கண்ணாடி. எல்லா நிறங்களையும் ஒரே அளவில் குறைப்பதே அதன் வேலை. அந்த அளவை மூன்று விதமாக எழுதுவதால்தான் குழப்பம். என்டி 8 என்றால் எட்டில் ஒரு பங்கு ஒளியே உள்ளே வரும். அது 3 ஸ்டாப், அடர்த்திக் கணக்கில் 0.9. என்டி 64 என்பது 6 ஸ்டாப், அடர்த்தி 1.8. என்டி 1000 என்பது ஏறக்குறைய 10 ஸ்டாப், அடர்த்தி 3.0. ஒரு ஸ்டாப்புக்கு அடர்த்தி 0.3 என்பதை நினைவில் வைத்தால் போதும்.

தொடங்குபவர்கள் 6 ஸ்டாப் ஃபில்டரை முதலில் வாங்குவது நல்லது என்பது என் எண்ணம். 10 ஸ்டாப் கவர்ச்சியானது. ஆனால் அருவியையும் ஓடையையும் பொறுத்தவரை கால் வினாடி முதல் ஒரு வினாடி வரையிலான ஷட்டர் நேரமே நீரின் இழைகளைத் தெளிவாகக் காட்டும். அரை நிமிடம் திறந்து வைத்தால் இழைகள் அழிந்து வெறும் வெண்படலமே மிஞ்சும். கடல் அலைகளைப் பனிப்படலமாக்கவும், மேகங்களை நீண்ட கோடுகளாக்கவும், நடமாடும் கூட்டத்தைக் காட்சியிலிருந்து மறையச் செய்யவும் 10 ஸ்டாப் உதவும்.

நீரோட்டம் மட்டும் என்டியின் களம் அன்று. உச்சி வெயிலில் லென்ஸின் துளையான அபர்ச்சரை எஃப் 1.8 அளவுக்கு அகலத் திறந்து உருவப்படம் எடுக்கும்போது, ஃப்ளாஷ் ஒத்திசைவுக்காக ஷட்டரை 1/200 அல்லது 1/250 வினாடியைவிட வேகமாக வைக்க முடியாது. அப்போது 3 ஸ்டாப் என்டியே வழி. வீடியோவில் வினாடிக்கு 25 சட்டகங்கள் எடுக்கும்போது அசைவு இயல்பாகத் தோன்ற ஷட்டர் 1/50 வினாடியில் நிலைத்திருக்க வேண்டும் என்பதால், வெளிச்சத்தைக் கட்டுப்படுத்த என்டி இன்றியமையாதது.

அபர்ச்சரை எஃப் 22 வரை சுருக்கினால் அதே விளைவு கிடைக்காதா?

ஓரளவு கிடைக்கும், ஆனால் மிகச் சிறிய துளையின் வழியே செல்லும் ஒளி விளிம்பு விளைவால் விரிந்து, படம் முழுவதும் கூர்மையை இழக்கும். எஃப் 8, எஃப் 11 ஆகியவற்றில் நிறுத்திக்கொண்டு மீதி வேலையை என்டியிடம் ஒப்படைப்பதே நல்லது.

10 ஸ்டாப் ஃபில்டர் மாட்டினால் ஒன்றுமே தெரிவதில்லை. எப்படிப் படமெடுப்பது?

முக்காலியில் கேமராவைப் பொருத்தி, ஃபில்டர் இல்லாமலேயே சட்டகத்தை அமைத்து, ஃபோகஸ் செய்து, உடனே மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிடுங்கள். ஒரு சோதனைப் படம் எடுத்து, சரியான ஷட்டர் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதை ஆயிரத்தால் பெருக்குங்கள். 1/125 வினாடி 8 வினாடியாகும். 1/30 வினாடி ஏறக்குறைய அரை நிமிடமாகும். 1/15 வினாடி ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டும். பெரும்பாலான கேமராக்கள் 30 வினாடிக்கு மேல் தாமாக எண்ணுவதில்லை என்பதால், அதற்கு மேல், விசையை அழுத்தியிருக்கும் வரை ஷட்டரைத் திறந்து வைக்கும் பல்ப் முறையும் தொலைவிசையும் வேண்டும். பிறகு லென்ஸின் ஃபோகஸ் வளையம் அசையாமல் ஃபில்டரைத் திருகுங்கள். காந்தத்தால் ஒட்டும் ஃபில்டர்களும் சதுரச் சட்டமும் இந்த ஓரிடத்தில் பெரும் உதவி.

டிஎஸ்எல்ஆர் பயன்படுத்துபவர்கள் நீண்ட எக்ஸ்போஷரின்போது வியூஃபைண்டரை மூடி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்புறமிருந்து புகும் ஒளி அளவீட்டைக் கெடுப்பதோடு, படத்தில் மங்கலாகவும் பதியக்கூடும். படத்தில் நிறச்சாயல் தெரிந்தால் திகைக்க வேண்டாம். ரா கோப்பில் (சென்சார் பதிந்ததைத் திருத்தாமல் சேமிக்கும் கோப்பு) எடுத்து, வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைச் சமன் செய்யும் ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆனால் கருப்புத் துணி மட்டும் பழுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ தெரிந்தால், அந்த ஃபில்டர் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து, அகச்சிவப்பை விட்டுவிடுகிறது என்று பொருள். அதை ஒயிட் பேலன்ஸால் சரிசெய்ய இயலாது. அகச்சிவப்பையும் சேர்த்துத் தடுக்கும் வகையே தீர்வு.

மாற்றத்தக்க என்டி ஒன்றே எல்லா என்டிகளுக்கும் ஈடாகுமா?

வளையத்தைச் சுழற்றி அடர்த்தியை மாற்றும் இவ்வகை, உண்மையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு போலரைசர்கள். வீடியோ எடுப்பவர்களுக்கு இதைவிட வசதியானது வேறில்லை. நிலைப்படத்துக்கு நான் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். மிக அடர்த்தியான நிலையில், குறிப்பாக அகல லென்ஸ்களில், படத்தின் குறுக்கே கரிய பெருக்கல் குறி ஒன்று தோன்றும். முன்கண்ணாடி சுழலச் சுழல, நாம் விரும்பாமலேயே வானத்தின் நீலமும் எதிரொளியும் மாறிக்கொண்டிருக்கும்.

பல படங்களைச் சராசரியாக்கி நீண்ட எக்ஸ்போஷர் விளைவைப் பெறலாம் என்கிறார்களே?

பெறலாம். அசையாத முக்காலியிலிருந்து தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுத்து மென்பொருளில் சராசரியாக்கினால் நீர் மென்மையாகும், இரைச்சல் எனப்படும் பொடிப்பொடியான புள்ளிகளும் குறையும். ஆனால் படங்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளால் வேகமாக நகரும் மேகங்களும் விளக்குகளும் விட்டுவிட்டுத் தெரியும். ஃபில்டர் இல்லாத நேரத்தில் கைகொடுக்கும் நல்ல மாற்று அது.

பாதி இருண்டு பாதி தெளிந்திருக்கும் கிராஜுவேட்டட் ஃபில்டர் இன்னும் தேவையா?

முன்பைவிடக் குறைவாகவே தேவை. வானம் வெளிறிப்போகாமல் எக்ஸ்போஷரைச் சற்றுக் குறைத்து எடுத்து, நிலப்பகுதியை ரா கோப்பிலிருந்து வெளிச்சமாக்கவும், இரண்டு எக்ஸ்போஷர்களை இணைக்கவும் இன்றைய சென்சார்கள் இடம் தருகின்றன. தொடுவானக் கோடு நேராக இல்லாமல் மரமோ மலையோ குறுக்கிடும்போது ஃபில்டரின் நேர்க்கோடு அவற்றின் உச்சியையும் இருட்டாக்கும் என்பதால், அங்கே இணைப்பு முறையே சிறந்தது. திறந்த கடலின் மேல் சூரியன் மறையும் காட்சிக்கும், அலைகள் ஓயாமல் நகர்வதால் இரு படங்களை இணைக்க முடியாத இடங்களுக்கும் இந்த ஃபில்டர் இன்னும் மதிப்புடையது. திருகும் வட்ட வகையை வாங்க வேண்டாம். மாற்றக் கோடு நடுவிலேயே நின்றுவிடும். சட்டத்தில் மேலும் கீழும் நகர்த்தத்தக்க செவ்வகத் தகடே பொருத்தமானது.

கருப்பு வெள்ளைப் படங்களுக்குச் சிவப்பு, மஞ்சள் ஃபில்டர்கள் மாட்ட வேண்டுமா?

வண்ண சென்சார் உள்ள கேமராவில் வேண்டாம். கோடாக்கில் பணியாற்றிய பிரைஸ் பேயர் வகுத்து, 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பையே பெரும்பாலான சென்சார்கள் பின்பற்றுகின்றன: புள்ளிகளில் பாதி பச்சைக்கும், கால்பங்கு சிவப்புக்கும், கால்பங்கு நீலத்துக்கும் உரியவை. அடர் சிவப்பு ஃபில்டரை மாட்டினால் அந்தக் கால்பங்குப் புள்ளிகளே முழுமையான ஒளியைப் பெறுகின்றன, நுணுக்கம் குறைகிறது. வண்ணத்திலேயே எடுத்து, கருப்பு வெள்ளையாக மாற்றும்போது நீலத்தைக் குறைத்தால் வானம் அதேபோல் இருண்டுவிடும். லைகா 2012-இல் வெளியிட்ட எம் மோனோகுரோம் போன்ற, நிறமே பதியாத சென்சார் கொண்ட கேமராக்களில் மட்டும் இந்த ஃபில்டர்கள் தம் பழைய பயனை முழுவதுமாகத் தருகின்றன.

81ஏ, 82ஏ, 85 முதலிய எண்களில் வரும், மஞ்சள் சாயல் கூட்டும் வெதுவெதுப்பு ஃபில்டர், நீலச் சாயல் கூட்டும் குளிர்ச்சி ஃபில்டர் ஆகியவற்றின் வேலையை ஒயிட் பேலன்ஸ் ஏற்றுக்கொண்டுவிட்டது.

அகச்சிவப்புப் படங்களில் இலைகள் ஏன் வெள்ளையாகத் தெரிகின்றன? அவற்றை எடுக்க என்ன வேண்டும்?

இலையின் உட்புறத் திசுக்கள் அகச்சிவப்பை வலுவாகத் திருப்பி அனுப்புகின்றன. 1910-இல் இத்தகைய படங்களை வெளியிட்ட இராபர்ட் வுட் என்பவரின் பெயரால் இது வுட் விளைவு எனப்படுகிறது. ஏறக்குறைய 720 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீள ஒளியை மட்டும் விடும் ஃபில்டர் ஒன்று இதற்குப் போதும். ஆனால் சென்சாரின் முன்னுள்ள தடுப்புக் கண்ணாடி அகச்சிவப்பில் மிகச் சிறு பகுதியையே விடுவதால், நல்ல வெயிலிலும் பல வினாடிகள் ஷட்டர் திறந்திருக்க வேண்டும். காற்றில் இலைகள் அசையாத நேரமாகத் தேர்ந்தெடுங்கள். இதில் ஆழ்ந்த ஈடுபாடு வந்தால், அந்தத் தடுப்பை நீக்கி மாற்றியமைத்த கேமராவை நாடலாம். சில லென்ஸ்களில் படத்தின் நடுவே வெளிறிய வட்டம் தோன்றும். அது லென்ஸின் இயல்பு.

சூரிய கிரகணத்தை என்டி 1000 கொண்டு எடுக்கலாமா?

கூடாது. என்டி 1000 ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியை உள்ளே விடுகிறது; சூரியனுக்கென்று செய்யப்படும் ஃபில்டர்களில் பொதுவான அடர்த்தி 5.0, அதாவது இலட்சத்தில் ஒரு பங்கு. அத்துடன், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைச் சாதாரண என்டி நிறுத்தும் என்பதற்கு உறுதி இல்லை. ஆப்டிகல் வியூஃபைண்டர் வழியாகப் பார்த்தால் குவிந்த ஒளி விழித்திரையை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். வலி இல்லாததால் அது நடப்பதே தெரியாது. சூரியனுக்கென்றே தயாரிக்கப்பட்ட ஃபில்டரை லென்ஸின் முன்புறத்தில், காற்றில் கழன்று விழாதபடி பொருத்துங்கள். முழு கிரகணத்தின்போது சூரியன் முற்றிலும் மறைந்திருக்கும் சில நிமிடங்களில் மட்டுமே அதைக் கழற்றலாம். ஒளியின் முதல் துளி தோன்றும் முன் மீண்டும் மாட்டிவிட வேண்டும்.

க்ளோசப் ஃபில்டர், சிறு பொருள்களை மிக அருகிலிருந்து எடுக்கும் மேக்ரோ லென்ஸுக்கு மாற்றாகுமா?

பெயர்தான் ஃபில்டர், உண்மையில் அது ஒரு குவிலென்ஸ். முடிவிலிக்கு ஃபோகஸ் செய்த லென்ஸில் +2 வகையை மாட்டினால் 50 செ.மீ. தொலைவிலும், +4 வகையை மாட்டினால் 25 செ.மீ. தொலைவிலும் பொருள் தெளியும். ஒற்றைக் கண்ணாடியால் ஆனவை ஓரங்களில் நிறம் பிரியச் செய்யும். இரு கண்ணாடிகளை ஒட்டிய வகை எவ்வளவோ மேல்.

ஒரு ஃபில்டர் தரமானதுதானா என்று நானே எப்படிச் சோதிப்பது?

தொலைவில் உள்ள நுணுக்கமான காட்சி ஒன்றை, உங்களிடம் உள்ள மிக நீண்ட குவியத்தூர லென்ஸால், முக்காலியிலிருந்து ஃபில்டரோடு ஒரு முறையும் இல்லாமல் ஒரு முறையும் எடுத்து, முழு அளவில் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபோகஸை மீண்டும் செய்ய வேண்டும். கண்ணாடி சமதளமாக இல்லாவிட்டால் டெலிஃபோட்டோ லென்ஸ் அதை உடனே காட்டிக்கொடுக்கும். அடுத்து, இருண்ட அறையில் ஒரு விளக்கைச் சட்டகத்தின் ஓரத்தில் வைத்து எடுத்தால் பூச்சின் தரம் தெரியும். நிறத்தைச் சோதிக்க, ஒயிட் பேலன்ஸை நிலையாக வைத்துக்கொண்டு வெள்ளைத்தாளை எடுத்துப் பாருங்கள்.

ஃபில்டர் லென்ஸில் இறுகிக் கழற்ற முடியவில்லை. என்ன செய்வது?

விரல்களால் அழுத்திப் பிடிக்கும்போது வளையம் நீள்வட்டமாக வளைந்து இன்னும் இறுகுகிறது. அகலமான ரப்பர் பட்டையை விளிம்பைச் சுற்றி இட்டு, உள்ளங்கை முழுவதும் படுமாறு, அழுத்தாமல் சுழற்றுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஃபில்டர் கழற்றும் பிளாஸ்டிக் இடுக்கிகள் கிடைக்கின்றன. போலரைசரானால் முன்வளையம் தனியாகச் சுழலும் என்பதால், லென்ஸை ஒட்டிய மெல்லிய பின்வளையத்தைப் பிடிக்க வேண்டும். பித்தளை வளையங்கள் அலுமினிய வளையங்களைவிடக் குறைவாகவே இறுகும்.

துடைக்கும்போது முதலில் காற்று ஊதியால் மணலை நீக்குங்கள். துடைப்பதால் வரும் கீறல்களில் பெரும்பகுதி, மணலோடு சேர்த்துத் துடைப்பதால் வருவதே. பிறகு நீர்மத்தைத் துணியில் இட்டுத் துடையுங்கள், கண்ணாடியின் மேல் நேரடியாக ஊற்ற வேண்டாம்; விளிம்பு வழியே அது உள்ளே கசியும். போலரைசரின் உள்தகடு வெப்பத்தாலும் நீண்ட நேர வெயிலாலும் நாளடைவில் நிறம் மாறிச் செயல் குன்றும் என்பதால், அதை வெயிலில் நிற்கும் காரின் கண்ணாடி அருகே விட்டுச் செல்லாமல் உறையிலிட்டு நிழலில் வையுங்கள்.